சுவருக்கு அடியில் ஓடிய கொடி

தம்மூஸ் என்னும் கோடை மாதம், பிறை தெரிந்த மறுநாள்

தம்பி பெதாயாவுக்கு, உன் அண்ணன் மெசுல்லாம் எழுதுவது.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். சில எழுத்துகள் படுத்திருக்கும். சில, பக்கத்தில் இருப்பதன் முதுகில் ஏறியிருக்கும். எழுதிப் பழகாத கை, எழுதுகிற இந்த உடைந்த பானை ஓடும் வழவழப்பாக இல்லை. ஒரு வரியை முடிப்பதற்குள் ஆட்டைக் கறந்துவிட்டு வந்துவிடலாம். ஆனாலும் இதை எழுதுவது நான்தான். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. மேலே ‘மெசுல்லாம்’ என்று இருக்கிறதே, மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன்னோடு இனி வாய் திறக்க மாட்டேன் என்று கர்த்தர் பெயரால் ஆணையிட்டேன். அந்த ஆணையை இன்றுவரை மீறவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கல் சுவர்தான். நீ இருமுவது எனக்குக் கேட்கும். உன்னைத் திட்ட எத்தனை நல்ல சொற்கள் வாய்வரை வந்தன தெரியுமா? எல்லாவற்றையும் விழுங்கினேன். போன மழைக்காலத்தில் மருமகள் யெமீமாள்தான் வழி சொன்னாள்.

“மாமா, வாயைத் தொறக்க மாட்டேன்னுதானே ஆணை வச்சீங்க? கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

எருசலேமில் சுருள் எழுதுகிறவரின் மகள் அவள். மாவு பிசையும் பலகையில் மாவைத் தூவி விரலால் எழுதக் காட்டினாள். மழைக்காலம் முழுக்க என் தாடியில் மாவு. இப்போது உன்னைத் திட்ட எனக்கு வழி கிடைத்துவிட்டது.

ஆனால் இன்று எழுதுவது திட்டுவதற்கு அல்ல. உன் வயிறு எரிய வேண்டும் என்பதற்கு. சுவரோரம் இருக்கும் என் திராட்சையில் ஒரு குலை நிறம் மாறிவிட்டது. நேற்று விடிந்ததும் போய், நாணலைக் கிழித்துக் காம்பில் கட்டி, “இது முதற்கனி” என்று சொல்லி, கர்த்தருக்கென ஒதுக்கிவிட்டு வந்தேன். ஊரில் வேறு எங்கும் இன்னும் திராட்சை நிறம் மாறவில்லை. உன்னுடையது பச்சைப் பட்டாணிபோல் இருப்பதைக் கூரைமேல் ஏறிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த ஆண்டு அதைக் கூடையில் சுமந்து தேவாலயத்துக்கு ஏறப்போகிறேன். பலிபீடத்தின் முன் நின்று, முன்னோர் நாடோடிகளாய் அலைந்ததையும் எகிப்தில் அடிமைப்பட்டதையும் இந்த நிலம் கிடைத்ததையும் நானே சொல்லப்போகிறேன். ஆசாரியர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுக்க, பின்னாலேயே குழறிக்கொண்டு வரமாட்டேன். முன்பு ஒரு ஆண்டு அங்கே நான் குழறியபோது பக்கத்து வரிசையில் நின்று சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்குத்தான் நான் ஆணையிட்டேன். அப்பா உன்னை மட்டும் படிக்க அனுப்பினார். என்னை எருதுகளுக்குப் பின்னால் அனுப்பினார். எருதுகளுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது.

இந்தத் தடவை நீ வந்து பார்.


தம்மூஸ் மாதம், அதே வாரம்

அண்ணன் மெசுல்லாமுக்கு, பெதாயா.

உங்கள் ஓடு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரி அத்தாராள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னங்க, மையில கோழியை நடக்க விட்டிருக்காங்களா?” என்றாள். என் வாயில் வந்த பதிலைச் சுவர்மேலிருந்து கத்தியிருப்பேன். ஊரே காது வைத்துக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

எழுதக் கற்றுக்கொண்டதற்கு மகிழ்ச்சி. கூடவே நியமத்தையும் கற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் திராட்சை உங்களுடையதா? நாம் சிறுவர்களாக இருந்தபோது அப்பா என் பக்கத்துத் தாய்க்கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்தார். அது உங்கள் பக்கத்தில் முளைத்து எழுந்தது. அப்போது சுவர் இல்லை. அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம், சுவர் எழுப்பினோம். கொடி இன்னும் சுவருக்கு அடியில்தான் ஓடுகிறது. வேர் என் நிலத்தில், குலை உங்கள் நிலத்தில். ‘கர்த்தர் எனக்குத் தந்த நிலத்தின் கனி’ என்று பலிபீடத்தின் முன் எந்த வாயால் சொல்வீர்கள்? இன்னொருவன் மண்ணில் வேர்விட்ட கொடியிலிருந்து முதற்கனி கொண்டுபோகக் கூடாது. என்னை நம்ப வேண்டாம், கிணற்றுத் தெருவில் நியமம் சொல்லும் கிழ லேவியரைக் கேளுங்கள்.

நாணலை அவிழ்த்துவிடுங்கள். ஆட்டைக் கட்ட உதவும்.

சிரித்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆம், சிரித்தேன். நீங்கள் எப்படி ஏறி வந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? மூன்று மகன்களும் கூடையை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். சமாதான பலிக்கு ஒரு முழு ஆட்டுக்கடா. சாயங்காலம் விடுதி முற்றத்தில் உங்களைச் சுற்றி உட்கார்ந்து அத்தனை பேரும் தின்றார்கள். நானும் அத்தாராளும் ஆட்டைப் பலியிட்டால் அதை யார் தின்பது? மறுநாளைக்கு மேல் வைத்தால் எரிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரு ஆட்டைத் தின்று தீர்க்க முடியாது. பலிபீடத்தின் முன் சொல்லும் அந்த வார்த்தைகள் மட்டும்தான் அன்றைக்கு என்னிடம் இருந்தன. அதிலாவது உங்களைவிட மேலே நின்றேன். நாளைக்கு நடந்தாலும் சிரிப்பேன்.


தம்மூஸ் மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள்

பெதாயாவுக்கு, மெசுல்லாம்.

லேவியரைக் கேட்டேன். பல் இல்லாத வாயை வைத்துக்கொண்டு எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார் மனிதர்!

“உன் தம்பி சொல்றது சரிதான்டா மெசுல்லாம். அந்தக் குலையை நீ தின்னலாம், விக்கலாம், கூடையில மட்டும் வைக்க முடியாது.”

“நான்தானே தண்ணி ஊத்தறேன்?”

“தண்ணி உன்னோடது. வேர் அவனோடது.”

வீடு வரும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் நீதான் சரி. படிப்பில் நீ சரி, நியமத்தில் நீ சரி. அப்பா சாகும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைத்தான் பார்த்தார். என் திராட்சையாவது என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் உன் கொடியின் வாலாம்.

நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். சுவரோரம் தோண்டுகிறேன். அந்தக் கொடியைக் கண்டுபிடித்து வெட்டிவிடுகிறேன். என் பக்கத்திலும் அது வேர் பிடித்திருக்கிறது, தானாகவே பிழைத்துக்கொள்ளும். அதன்பின் அது என் மண்ணில் நிற்கும் என் செடி. இந்த ஆண்டுக் குலை ஆகாது என்றால், வருகிற ஆண்டுக் குலை. அதுவரை நான் இருந்தால்.

யெமீமாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். “இந்த வெயில்ல வெட்டுனா ரெண்டு பக்கமும் காயும் மாமா. பொறாமைக்கு ஒரு அளவு வேணாமா?” என்கிறாள். பொறாமையாம். ‘பொறாமை’ என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று அவளிடமே கேட்டு எழுதியிருக்கிறேன், பார். நன்றாக வந்திருக்கிறது.

ஓய்வுநாள் முடிந்ததும் தோண்டப்போகிறேன். கடப்பாரையைத் தீட்டி வைத்துவிட்டேன்.


தம்மூஸ் மாதம், ஓய்வுநாள் முடிந்த காலை

அண்ணா,

கடப்பாரையைக் கீழே வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை தொடாதீர்கள். யெமீமாளிடம் ஓட்டைக் கொடுக்க அத்தாராள் சுவரோரம் நின்றுகொண்டிருக்கிறாள்.

உங்கள் ஓட்டைப் படித்த அன்றே என் பக்கத்தில் தோண்டினேன். நீங்கள் வெட்டினால் என் தாய்க்கொடிக்கு என்ன ஆகும் என்று பார்க்கத்தான். அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் தோண்டியதும் மண்வெட்டி பொசுக்கென்று உள்ளே போனது. வேர் இல்லை. இருந்த இடத்தில் பொடியும் எறும்பும். கையைவிட்டுப் பார்த்தேன், குழி. எத்தனை வருஷமாக அப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. மேலே இலை இருக்கிறது, குலை இருக்கிறது. கீழே ஒன்றுமில்லை.

சுவருக்கு அடியில் ஓடும் அந்தக் கொடி மட்டும் உயிரோடு இருக்கிறது. என் கை அளவு தடிமன். கீறிப் பார்த்தேன், பச்சை. அது வழியாகத்தான் என் கொடி குடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வேரிலிருந்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரை.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதாவிட்டால் நீங்கள் வெட்டுவீர்கள், என் கொடி சாகும். எழுதினால் நீங்கள் குதிப்பீர்கள். நீங்கள் குதிப்பதே மேல் என்று அத்தாராள் சொன்னாள்.

வெட்டாதீர்கள்.


தம்மூஸ் மாதம், அன்று மதியம்

பெதாயாவுக்கு, மெசுல்லாம்.

குதித்தேன்! முழங்கால் வலி தெரியவில்லை. முற்றத்தில் இருந்த ஆடுகள் ஒதுங்கி நின்றன.

இதற்காக யெமீமாளின் நல்ல எண்ணெய் ஜாடி ஒன்றை உடைத்துவிட்டேன். இருந்த சின்ன ஓடுகளில் என் சந்தோஷம் அடங்கவில்லை. “ஐயோ, அது உடையாத ஜாடி மாமா” என்று கத்துகிறாள். கத்தட்டும்.

அப்படியென்றால் ஆண்டுதோறும் கூடையைத் தோளில் வைத்து, தலையை நிமிர்த்தி, ஒரு சொல்லும் தட்டாமல், ‘கர்த்தர் எனக்குத் தந்த நிலத்தின் கனி’ என்று பாடாத குறையாகச் சொன்னாயே, அது என் நிலம். என் தண்ணீர். நான் முதுகு ஒடிய இறைத்த தண்ணீர். நான் பக்கத்தில் குழறிக்கொண்டு நின்றேன், நீ என் கனியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாய். பெதாயா, இதைப் பல தடவை எழுதிப் பார்க்கலாம் போலிருக்கிறது.

உன் பக்கத்திலும் ஒரு குலையில் நாணல் கட்டியிருக்கிறாய் என்று யெமீமாள் சொன்னாள். அதை அவிழ்த்துவிடு. ஆட்டைக் கட்ட உதவும்.

கடப்பாரையை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டேன். உனக்காக அல்ல. என் வேர் பாடுபட்டு வளர்த்ததை நான் ஏன் சாகடிக்க வேண்டும்?

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே லேவியரிடம் போய்க் கேட்டு என்னைவிட முந்துவாய். நான் மறுபடி போனேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “ரெண்டு பேருக்கும் தனித்தனியா வழி இல்லைடா. கொடி நிக்கற மண்ணு ரெண்டு பேருக்கும் பொதுன்னு சாட்சி வச்சுச் சொல்லிடுங்க. அந்த இடத்துச் சுவரை எடுத்துடுங்க. பங்காளிங்களா சேர்ந்து ஒரே கூடையில கொண்டு போகலாம். வேற என்ன, ரெண்டு கிழங்களும் ஒரே கூடையைத் தூக்கணும்.”

எனக்கு இதில் விருப்பம் என்று எண்ணாதே. ஆனால் என் குலை பழுத்துக்கொண்டே போகிறது, குருவிகள் பார்த்துவிட்டன. சேர்ந்து போவதாக இருந்தால், வார்த்தைகளை நான்தான் சொல்வேன். வேர் என்னுடையது.


அடுத்த மாதமான ஆப், பிறை தெரிந்த நாள்

அண்ணா,

நேற்று உங்கள் மகன்கள் வந்து சுவரின் அந்த மூலையைப் பிரித்தார்கள். கடைசிக் கல்லைத் தூக்கியபோது நீங்கள் அந்தப் பக்கம் நின்றீர்கள், நான் இந்தப் பக்கம் நின்றேன். நான் “தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன். நீங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினீர்கள். அத்தாராள் உள்ளே போய்ச் சிரித்தாள்.

சுவர் போனது சரி. குலைகள் இரண்டும் ஒரே கூடையில், சரி. கூடை அத்தாராள் பின்னுவாள், தோல் உரித்த ஆற்றோரக் குச்சிகளில். ஊர்வலத்தில் முன்னால் போகும் எருதின் கொம்புக்குப் பொன் பூசுவதற்கு ஊர் கேட்கும் பங்கை நீங்களே கொடுங்கள். சமாதான பலிக்கு உங்கள் ஆடு. சுமக்க உங்கள் மகன்கள். விடுதியில் உங்கள் பேரப்பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள்.

பஸ்காப் பண்டிகைக்கு நானும் இவளும் யார் வீட்டு ஆட்டில் சேர்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஆட்டுக்கு ஒரு வீட்டார் வேண்டும், இரண்டு பேர் ஒரு வீட்டார் ஆவதில்லை. நீங்கள் ஆணையிட்ட ஆண்டிலிருந்து கம்பளிக்காரன் வீட்டில் சேர்கிறோம். நல்லவர்கள்தான். ஒவ்வொரு தடவையும், “இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே, போதுமா?” என்று மெதுவாகத்தான் கேட்பார்கள். எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பார்கள். சுவர் வழியாக உங்கள் வீட்டில் கொழுப்பு வாசனை வரும். பிள்ளைகளின் பாட்டு வரும். அன்றைக்கெல்லாம் உங்கள்மேல் எனக்கு இருந்ததற்குப் பெயர் கோபம் இல்லை அண்ணா. யெமீமாளிடம் கேட்டு எழுதினீர்களே, அந்தச் சொல்தான்.

எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அந்த வார்த்தைகளை மட்டுமாவது எனக்கு விடுங்கள்.


ஆப் மாதம், ஊர் திரும்பி ஓய்வுநாள் கழிந்த பிறகு

தம்பி பெதாயாவுக்கு, உன் அண்ணன் மெசுல்லாம்.

இந்த எழுத்து முன்னைவிட நன்றாக இருப்பதைக் கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். நீ கவனிப்பதெல்லாம் தப்பு மட்டும்.

நடந்தது உனக்கும் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ அதை ஊரில் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் என் கையாலேயே எழுதி வைக்கிறேன்.

ஏறுவதற்கு முந்தின இரவு, சுற்று ஊர்க்காரர்கள் கூடும் நகரச் சதுக்கத்தில் எல்லோரோடும் படுத்தோம். உனக்கும் எனக்கும் நடுவில் கூடை. விடிந்ததும் குழல் முன்னால் போனது, பொன் கொம்பு எருது போனது, நாம் போனோம். எருசலேம் தெருவில் தச்சர்களும் குயவர்களும் வேலையை விட்டு எழுந்து நின்று நம் ஊர்ப் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். அவர்கள் எழுந்தது உன்னைப் பார்த்து என்று நீ நினைத்தாய். உன் கழுத்து நிமிர்ந்ததிலிருந்து தெரிந்தது. என் வயிறு அப்போதே எரிய ஆரம்பித்தது.

படியேறினோம். கூடையின் விளிம்பை நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்திருந்தோம். ஆசாரியர் அடியில் கைவைத்து அதைக் கர்த்தர்முன் அசைத்துக் காட்டினார். வார்த்தைகளை உனக்கு விட்டுவிட்டேன். உன் கடைசி ஓட்டைப் படித்ததும் அப்படி முடிவு செய்தேன். ஆனால் விட்டுவிட்டேன் என்பதற்காக எரியவில்லை என்று அர்த்தமா? நீ ஆரம்பித்தாய். முன்னோர் அலைந்தது வந்தது. எகிப்து வந்தது. எல்லாம் எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பல்லைக் கடித்தபடி, உன்னோடு கூடவே மனசுக்குள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

‘கர்த்தர் எனக்குத் தந்த நிலம்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாய்.

முதலில் மூச்சு வாங்குகிறாய் என்று நினைத்தேன். நீ கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு குலையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன, எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. உன் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவன் தொண்டையைச் செருமினான். ஆசாரியர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்.

நான் அவரை விடவில்லை. பெதாயாவுக்கு வெளியாள் எடுத்துக் கொடுப்பதா? என் வீட்டில் பிறந்தவனுக்கு? நான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக, யெமீமாளின் மாவுப் பலகையில் பார்த்தபடியே. நீ என் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தாய். கொஞ்சம் குழறினாய். நான் சிரிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்.

என் ஆணையை மீறிவிட்டேன் என்று விடுதியில் உன் காதைக் கடித்த என் மூத்த மகனிடம் சொல்: நான் உன்னிடம் பேசவே இல்லை. பலிபீடத்தைப் பார்த்துக் கர்த்தரிடம் பேசினேன். உன் காது பக்கத்தில் இருந்தது என் குற்றமா? லேவியரிடமும் கேட்டுவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, “ஆணை அப்படியே இருக்குடா” என்றார். மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் அதை அவிழ்த்துவிடலாம் என்றும் சொன்னார். அவசரமில்லை என்று வந்துவிட்டேன். அவிழ்த்துவிட்டால் இந்த ஓடுகளை யாருக்கு எழுதுவேன்?

இன்னொன்று மனசில் வைத்திருக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் ஆட்டுக்கறி வெந்ததும் முதல் பங்கை அத்தாராள் தட்டில் வைத்தேன், நீ பார்த்தாய். அதன்பின் நீ ஒரு கோவேறு கழுதைக் கதையைச் சொன்னாய். என் மகன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பேரப்பிள்ளைகள் உன் மடியில் ஏறினார்கள். இத்தனை வருஷம் நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. எலும்பு மட்டும் மிஞ்சும்வரை தின்றார்கள், அப்போதும் உன்னை விடவில்லை. என் வயிறு எரிந்த எரிச்சலில் இன்னொரு ஆட்டை வேகவைத்திருக்கலாம்.

அதனால் பஸ்காவைப் பற்றி இப்போதே எழுதுகிறேன். கம்பளிக்காரனிடம் சொல்லிவிடு. உன்னையும் அத்தாராளையும் எங்கள் ஆட்டில் சேர்த்துவிட்டேன். போதுமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் ஆட்டைப் பெரிதாக்குவேன். ஒரே நிபந்தனை: கோவேறு கழுதைக் கதையை அன்றைக்கு நான் சொல்வேன். எழுதி அனுப்பு, பாடம் பண்ணிக்கொள்கிறேன்.

ஓட்டில் இடம் முடிந்தது. அடுத்த ஓய்வுநாள் கழியட்டும், மறுபடி எழுதுகிறேன். யெமீமாள் மீதி ஜாடிகளை எல்லாம் உங்கள் வீட்டில் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறாளாமே. ஒன்றை உடைத்துக் கொடுத்தனுப்பு. ஓடு பெரிதாக இருக்கட்டும்.